ரப்பர் வளையத்துக்கு அடியில்

இன்னாசிமுத்து தன் டீச்சரைவிடப் பதினான்கு வயது மூத்தவர். கடலோரத்து ரசாயன ஆலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவு ஃபோர்மேன். நாற்பதைத் தாண்டிய பிறகு பாலிடெக்னிக் மாலை வகுப்பில் சேர்ந்து, கூச்சப்படாமல் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தவர். அங்கே உலோகப் பாடம் எடுத்தவர்தான் ஆவுடைச்செல்வி.

டீச்சர் அந்த வேலையை விட்டு வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது பைபாஸ் ரோட்டில் ஒரு சோதனைக்கூடம் நடத்துகிறார். உடைந்த குழாய், ஓட்டை விழுந்த கொதிகலன், வெடித்த வால்வு என்று எது வந்தாலும், அது ஏன் போனது என்று பார்த்துச் சொல்வது அவர் தொழில். இன்னாசி மட்டும் மாணவராகவே இருந்துவிட்டார். மனதில் ஒரு கேள்வி விழுந்தால் ஸ்கூட்டர் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

இத்தனைக்கும் டீச்சர் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் ரகம் இல்லை.

அன்று சாயங்காலம் இன்னாசி வந்தபோது இடது தோளில் கனமான ரெக்சின் பை தொங்கியது. வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. பையை மேசைமேல் வைத்துவிட்டு அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

"வாங்க அண்ணாச்சி. கைக்கு என்ன?"

"அதக் கேக்கத்தான் வந்தேன், டீச்சர். மனசு கிடந்து கொதிக்குது. அது கையில வந்து நிக்கு. இந்தக் கொதிப்பு அடங்க ஒரு வழி சொல்லுங்க."

"எதுக்கு அடங்கணும்?"

"நாளைக்கு ஒரு வேல இருக்கு. கை நடுங்காமச் செய்யணும்."

"என்ன வேல?"

இன்னாசி பையைப் பார்த்தார். டீச்சர் வற்புறுத்தவில்லை. கொதிப்பு எதனால் என்று அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

அந்த ஆலையில் உப்பும் அமிலமும் கலந்த தண்ணீர் சூடாக ஓடும் குழாய் ஒன்று உண்டு. இரும்பைப் போட்டால் கரைந்துபோகும். சாதாரண எவர்சில்வரும் அங்கே தாக்குப்பிடிக்காது. அதனால் நிக்கலில் குரோமியமும் மாலிப்டினமும் சேர்த்த கலப்பு உலோகத்தில் அந்தக் குழாயைச் செய்து போட்டிருந்தார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் மேனேஜர் அதைக் கோயில் தேர் மாதிரி சுற்றிக் காட்டுவார்.

அதில் ஒரு இணைப்பு கசிய ஆரம்பித்தது. சொட்டு சொட்டாகத்தான். ஆலையை நிறுத்தி, இணைப்பைக் கழற்றி, உள்ளே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை மாற்ற வேண்டும் என்றார் இன்னாசி. வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் வருகிற நேரத்தில் நிறுத்துவதாவது என்றார் மேனேஜர். கசியும் இடத்தில் ரப்பர் ஷீட்டைச் சுற்றி, மேலே கிளாம்பு என்ற இரும்புப் பட்டையைப் போட்டு முறுக்கிவிடச் சொன்னார். இன்னாசி மாட்டேன் என்றார். அதற்கென்ன, வேறு ஆளை வைத்துப் போட்டுவிட்டார்கள். கிளாம்புக்குப் பெயின்ட்டும் அடித்தார்கள். வந்தவர்கள் ஆலை சுத்தமாக இருப்பதாகப் பாராட்டிவிட்டுப் போனார்கள். கிளாம்பு அப்படியே கிடந்தது. அதைக் கழற்ற வேண்டும் என்ற நினைப்பு யாருக்கும் வரவில்லை.

போன மாதம் அந்த இடத்தில் குழாய் கிழிந்தது. கீழே தரையைக் கூட்டிக்கொண்டிருந்தவள் பேச்சிக்கனி, காண்ட்ராக்ட் ஆள். ஒரு கண் போய்விட்டது. முகத்தில் பாதியும் போய்விட்டது.

பேச்சிக்கனி வாளியால் குழாயை இடித்துவிட்டாள் என்று ஆலை சொல்கிறது. அந்த வாளியை இன்னாசி பார்த்திருக்கிறார். அது பிளாஸ்டிக் வாளி. குழந்தைகளைக் குளிப்பாட்டுகிற வாளி. அது இடித்து நிக்கல் குழாய் கிழிந்ததாம். இதைச் சொன்னவர்கள் எல்லாரும் படித்தவர்கள். சொல்லும்போது ஒருவருக்கும் நாக்குக் கூசவில்லை.

"டாக்டரப் பாத்தேன்," என்றார் இன்னாசி. "நரம்புக்கு மாத்திரை குடுத்தாரு. கேக்கல. ஃபாதர்கிட்டப் போனேன். ஜெபம் பண்ணச் சொன்னாவ. அதுவும் செஞ்சாச்சு. ஆனா போன வாரம் கம்பெனியில ஒரு வகுப்பு நடத்துனாவ. அது கொஞ்சம் கேட்டுது."

"என்ன வகுப்பு?"

"மன அமைதி வகுப்பு."

டீச்சர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார்.

விபத்துக்குப் பிறகு தொழிலாளர்கள் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள். அதற்கு நிர்வாகம் கண்டுபிடித்த வைத்தியம் அது. கேன்டீனில் ஜமுக்காளம் விரித்து, எல்லாருக்கும் கேசரி கொடுத்து, வெள்ளை ஜிப்பா போட்ட ஒருவரைக் கூட்டிவந்து பேசவைத்தார்கள். மெல்லிய குரல், அழகான சிரிப்பு. ஆனால் அவர் குழாய் இருக்கும் பக்கம் போகவில்லை. பேச்சிக்கனி பெயரையும் எடுக்கவில்லை.

"அவரு என்ன சொன்னாரு? அப்படியே சொல்லுங்க."

"உங்க ஆலையில ஒரு உலோகம் இருக்கு, அதுதான் உங்களுக்கு குருன்னாரு. ராத்திரி பகலா அமிலம் ஓடுது, அது எதையும் மனசுல ஏத்திக்கிடுததில்ல. எது வந்து பட்டாலும் அதுக்கு உறைக்கிறதில்ல. அதனாலதான் பளபளன்னு இருக்கு. நீங்களும் அப்படி இருங்கன்னாரு."

"நீங்க என்ன செஞ்சிய?"

"கேட்டுக்கிட்டு இருந்தேன். கை ஒரு நிமிஷம் நடுங்காம இருந்துச்சு, டீச்சர். உள்ளதத்தான சொல்லணும். அப்படி இருக்கது எப்படின்னு நீங்கதான் சொல்லித் தரணும். அந்த உலோகத்த உங்கள மாதிரி தெரிஞ்சவங்க யாரு இருக்கா?"

டீச்சர் முகம் சிவந்திருந்தது. வகுப்பில் பையன்கள் விடைத்தாளைக் காப்பியடித்தபோதுகூட அந்த முகம் அப்படிச் சிவந்து இன்னாசி பார்த்ததில்லை.

டீச்சர் எழுந்து, இழுப்பறையிலிருந்து விரல் நீளத் தகடு ஒன்றையும் ஒரு அரத்தையும் எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார்.

"உங்க குழாயோட உலோகம்தான். கீறுங்க."

இன்னாசி நடுங்கும் கையாலேயே அரத்தைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். தகட்டில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது.

"இப்ப அது என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யலயே. சும்மாதான கிடக்கு."

"காத்து பட்டுதா?"

"பட்டுது."

"பட்ட உடனே அந்தக் கோட்டுமேல ஒரு தோல் வளந்தாச்சு. கண்ணுக்குத் தெரியாத தோல். அந்தத் தோல்தான் அமிலத்தத் தடுக்கு, உலோகம் தடுக்கல."

"எப்ப வளந்துச்சு?"

"நீங்க அரத்த எடுக்கதுக்குள்ள."

இன்னாசி தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப அதுக்கு உறைக்குதா, டீச்சர்?"

"உறைக்காத உலோகத்துக்குத் தோல் எங்க இருந்து வரும்?"

"பெறவு ஏன் அவரு அப்படிச் சொன்னாரு?"

"அவரு அரம் பிடிச்சவரா?"

இன்னாசிக்குச் சிரிப்பு வரப்பார்த்தது. ஆனால் டீச்சர் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு கண்ணாடி ஜாடியைத் தூக்கிவந்தார். பழுப்புத் திரவம். டீத்தூள் இறங்கின நிறம். அதில் இரண்டு தகடுகள் நூலில் தொங்கின.

"ஸ்டோர்ல மிச்சம் கிடந்த குழாயில இருந்து ஒரு துண்டு கொண்டுவந்து தந்தியள்லா? அதுல வெட்டினது. ரெண்டும் ஒரே துண்டு. ரெண்டுலயும் நானே கீறல் போட்டேன். வாரம் பூரா அடுப்பு சூட்டுல, இதே அமில உப்புல கிடந்துச்சு."

இடுக்கியால் இரண்டையும் எடுத்து, குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசி, ஒரு துணிமேல் வைத்தார். ஒன்று வெறும் தகடு. இன்னொன்றின் நடுவில் ஒரு ரப்பர் வளையம் இறுக்கிப் போட்டிருந்தது. கீரைக்கட்டில் வருமே, அந்த வளையம்.

"எது நல்லா இருக்கு?"

இன்னாசி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். இரண்டும் பளபளத்தன. வெறும் தகட்டில் கீறல்கள் இருந்தன. கீறலிலும் கறை இல்லை. வளையம் போட்டதும் அப்படித்தான். வளையத்துக்கு இந்தப் பக்கமும் புதுசு, அந்தப் பக்கமும் புதுசு.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. கீறல் நடுவுல மறைஞ்சிருக்கதால, வளையம் போட்டது பாக்க ஒரு படி மேல."

"கழட்டுங்க."

அவர் வளையத்தை உருட்டிக் கழற்றினார்.

அடியில் கறுப்பாக ஒரு பள்ளம். தகட்டைச் சுற்றி வளையம் இருந்த அகலத்துக்கு அப்படியே அரித்திருந்தது, சொத்தைப் பல்லைப் போல. நகத்தை வைத்துப் பார்த்தார். நகம் உள்ளே போனது. லேசாக வளைத்தார். தகடு அந்த இடத்தில் இரண்டாகிவிட்டது.

அவர் இரண்டு துண்டையும் ஒட்டிவைத்துப் பார்த்தார்.

"ஒரே உலோகம்," என்றார்.

"ஆமா."

"ஒரே அமிலம்."

"ஆமா."

"ரப்பர் அப்படி என்ன செஞ்சுது, டீச்சர்?"

"ரப்பர் ஒண்ணும் செய்யல. அடியில போன கொஞ்சம் தண்ணிய வெளிய விடல. காத்த உள்ள விடல. தோல் உரிஞ்ச இடத்துல மறுபடி வளரதுக்கு வழி இல்லாமப் போச்சு. அவ்வளவுதான்."

"வெளிய இருந்து பாத்தாத் தெரியாதோ?"

"எப்படித் தெரியும்? நீங்களே ஒரு படி மேலன்னு சொன்னியள்லா."

இன்னாசி தலையைக் குனிந்துகொண்டார். டீச்சர் துணியால் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"பேச்சிக்கனி எப்படி இருக்கா?"

"நேத்துப் போயிருந்தேன். கட்டு இன்னும் பிரிக்கல." இன்னாசி கண்ணாடியைக் கழற்றினார். "மொதல்ல எல்லாம், அண்ணாச்சி நான் வாளிய அந்தப் பக்கமே கொண்டுபோகலன்னு சொல்லிக்கிட்டு இருந்தா. கம்பெனி ஆளுவ தெனமும் வந்து கேட்டுக்கேட்டு, இப்ப அவளே, ஒருவேள இடிச்சிருப்பேனோ அண்ணாச்சின்னு கேக்கா. கண்ணையும் எடுத்துட்டு, பழியையும் அவ தலையில போட்டு, அவ வாயாலயே ஒத்துக்கிட வைக்கானுவ. நான் பக்கத்துல நிக்கேன். என்னால ஒண்ணும் சொல்ல முடியல."

"ஏன் முடியல?"

"மேனேஜரும் கூட நின்னாரு."

டீச்சர் துடைப்பதை நிறுத்தினார்.

"பையில என்ன, அண்ணாச்சி?"

இன்னாசி ஜிப்பைத் திறந்தார். உள்ளே சிவப்பு ரப்பர் ஷீட் சுருள். அதற்குக் கீழே புத்தம் புதுக் கிளாம்புகள், எண்ணெய் மினுமினுப்புடன்.

"நாளைக்கழிச்சு தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வாராரு. அதே லைன்ல இன்னும் சில இணைப்பு கசியுது. எல்லாத்துக்கும் நாளைக்கே கிளாம்பு போட்டு, பெயின்ட் அடிச்சு வைக்கணும்னு உத்தரவு. இந்தத் தடவ வேற ஆளு வேண்டாம், இன்னாசியே போடட்டும்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

"ஏன் நீங்களே?"

"நான் போட்டா மத்தவன் வாயத் திறக்கமாட்டான்லா. எம்மவன் வேற அங்க புதுசாச் சேந்திருக்கான். அவன் வேல நிரந்தரம் ஆகல. அதையும் ஞாபகப்படுத்தினாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு."

"அந்த இணைப்புகளுக்குக் கீழ இப்ப யாரு கூட்டுதா?"

"பேச்சிக்கனியோட தங்கச்சி. அக்கா இடத்துக்கு அவளப் போட்டுட்டாவ. அதுக்குப் பேரு உதவியாம்."

டீச்சர் மேசைமேல் கிடந்த ரப்பர் வளையத்தை எடுத்து ஜன்னலுக்கு வெளியே வீசினார். வெறும் தகட்டை மட்டும் துணியில் துடைத்து அலமாரியில் வைத்தார். பிறகு வந்து, திறந்து கிடந்த பையின் ஜிப்பை மூடி, அதை இன்னாசியின் பக்கம் நகர்த்தினார்.

இன்னாசி எழுந்தார். பையின் வாரைப் பிடித்தார். பிடித்த கை இன்னும் மோசமாக நடுங்கியது. உள்ளே கிளாம்புகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"கேக்க வந்ததுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல, டீச்சர். இந்த நடுக்கம் எப்பத்தான் அடங்கும்?"

"நாளைக்கு அந்தக் கிளாம்பப் போடுங்க, அண்ணாச்சி. உடனே அடங்கிரும்."

இன்னாசி பையின் வாரை விட்டார். அது மேசைமேலேயே இருந்தது. அவர் படியிறங்கிப் போய் ஸ்கூட்டர் சாவியைத் துளையில் நுழைக்கப் பார்த்தார். கை நடுக்கத்தில் சாவி மூன்று தரம் வழுக்கிவிட்டது. அந்தக் கையை அவர் பிடித்து நிறுத்தவில்லை.