தலைகளை எண்ணிய பேய்க்கணவாய்

கடலடியில் பவளப்பாறைகள் திரண்ட பார் ஒன்றில் களவா மீன்கள் வாழ்ந்தன. தடித்த உதடும் புள்ளி போட்ட உடம்புமாய், ஆளுக்கொரு பொந்தில் தனித்தனியே கிடக்கும். தை மாதத்துப் பௌர்ணமிக்கு மட்டும் எல்லாம் பாரின் நடுவிலிருந்த பள்ளத்தில் வந்து கூடும். முட்டையிடுவது அங்கேதான்.

பாருக்கு வெளியே கொம்பன் சுறா தன் கூட்டத்தோடு திரிந்தது. அதற்கும் களவாக்களுக்கும் ஓயாத சண்டை. கடைசியில் இரு தரப்பும் பேசி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன.

"குஞ்சுகளைத் தொடமாட்டோம். நடுத்தர வயதையும் தொடமாட்டோம். வாழ்ந்து பெருத்ததுகளை மட்டும் தின்கிறோம். உங்கள் கூட்டம் குறைந்துவிட்டால் வாயைக் கட்டிக்கொள்கிறோம்!" என்றது கொம்பன்.

களவாக்களுக்கு அது நியாயமாகவே பட்டது.

"குறைந்ததா இல்லையா என்று யார் சொல்வது?" என்று கேட்டன.

"பேய்க்கணவாய் சொல்லட்டும்! எட்டுக் கை வைத்துக்கொண்டு சும்மாதானே உட்கார்ந்திருக்கிறது!" என்றது கொம்பன்.

அன்றிலிருந்து பேய்க்கணவாய்க்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர். தை மாதம் பள்ளத்தின் வாசலில் உட்காரும். ஒரு களவா உள்ளே போனால் ஒரு சிப்பியை எடுத்துப் போடும். சிப்பிக் குவியல் போன வருடத்து உயரம் இருந்தால், "கூட்டம் குறையவில்லை!" என்று கூவும். சுறாக்கள் வால் அடித்து மகிழும். கொம்பன் மறக்காமல் கொழுத்த நண்டுகளை அனுப்பிவைக்கும்.

ஒரு தை மாதம், குவியலருகே செவந்தி என்ற களவா வந்து நின்றது.

"கணக்குப்பிள்ளை மாமா, ஒன்று சொல்ல வேண்டும்."

"சீக்கிரம் சொல்லடி. சிப்பி தவறிவிடும்."

"பெரியவர்களில் ஒருசிலர்தான் மிச்சம் மாமா. மற்றபடி வருகிறவர்கள் எல்லோரும் என் வயது, இல்லையென்றால் என்னைவிடச் சின்னவர்கள்."

"வந்தால் சரி. தலைக்கு ஒரு சிப்பி!"

"தலை இருக்கிறது மாமா. ஆண் எத்தனை இருக்கிறது? எங்கள் இனத்தில் எல்லோரும் பெண்ணாகத்தான் பிறக்கிறோம். வயதாகிப் பெருத்த பிறகே ஆணாக மாறுகிறோம். பெருத்தவர்களை எல்லாம் சுறா தின்றுவிட்டால்?"

பேய்க்கணவாய்க்குக் கோபம் வந்தது.

"என் வேலை தலையை எண்ணுவது! ஒவ்வொருத்தி வயிறாகத் தடவிப் பார்ப்பதல்ல! குவியல் உயரமா, இல்லையா? அதைச் சொல்!"

"உயரம்தான்."

"அப்புறம் என்ன? போடி, போ!"

செவந்தி போய்விட்டது. ஆனால் பேய்க்கணவாய்க்கு அதன் பிறகு நண்டு ருசிக்கவில்லை. அவள் சொன்னது சரி என்று அதற்குத் தெரிந்துவிட்டது. பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்திருந்தால் இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும். அது எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல வேண்டும். சொன்னால், இத்தனை வருடம் போட்ட கணக்கும் தப்பா என்று ஊர் கேட்கும். அதனால் வழக்கம்போலவே கூவியது.

"கூட்டம் குறையவில்லை!"

அந்த வருடம் எஞ்சியிருந்த பெரிய களவாக்களும் போயின.

மறு தை மாதம். குவியல் அதே உயரம். பெரியவை இருந்த இடத்தைச் சிறியவை நிரப்பியிருந்தன. பேய்க்கணவாய் கூவிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

பொழுது சாய்ந்தது. பள்ளத்தில் களவாக்கள் மேலே எழும்பி முட்டைகளைச் சொரிந்தன. எப்போதும் அந்த நேரத்தில் ஆண்கள் பாய்ந்து வரும். தண்ணீரே பாலாய்க் கலங்கும். அன்று தண்ணீர் தெளிவாகவே இருந்தது. முட்டைகள் உயிர் ஏறாமல் மிதந்து, நீரோட்டத்தோடு போயின.

விடிந்ததும் கொம்பன் வந்தது.

"இப்போது இருப்பதில் பெரியவள் யார்? செவந்தியா? வா, வா! கணக்குப்பிள்ளைதான் நேற்றே சொல்லிவிட்டாரே!"

செவந்தி ஓடவில்லை. பேய்க்கணவாயைத் திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான். அதன் உடம்பு அகன்று, புள்ளிகள் கருக்கத் தொடங்கியிருந்தன. இன்னும் கொஞ்ச காலம் விட்டால் ஆணாகிவிடும். அந்தப் பாரில் அடுத்த தை மாதத்துக்குள் ஆணாகக்கூடியது அது ஒன்றுதான்.

"நில், கொம்பா!"

எல்லோரும் திரும்பினார்கள். கூவியது பேய்க்கணவாய்.

"நேற்று நான் சொன்னது தப்பு. கூட்டம் குறையவில்லை என்று சொன்னேன். குறைந்துவிட்டது. ஆணே இல்லை. இவளைத் தின்றால் இனி இந்தப் பாரில் ஒரு குஞ்சும் பொரியாது. உனக்கும் தின்ன ஒன்றும் மிஞ்சாது."

"நேற்று ஒரு பேச்சு, இன்று ஒரு பேச்சா? ராத்திரியிலா தெரிந்தது?"

ஆமாம் என்றால் பேய்க்கணவாய் தப்பித்திருக்கலாம்.

"இல்லை. போன வருடமே தெரியும்."

ஒரு குட்டிச் சுறா சிரித்தது. "அண்ணே, நாம் அனுப்பிய நண்டு இப்போதுதான் செரித்திருக்கிறது!" சுறாக்கள் எல்லாம் சிரித்தன. களவாக்கள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது பேய்க்கணவாய்க்கு.

கொம்பன் குவியலைப் பார்த்தது; தெளிந்த தண்ணீரைப் பார்த்தது. அதற்கும் அடுத்த வருடத்துப் பசி ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"கணக்குப்பிள்ளை சொல்வதுதான் கடைசிச் சொல். ஒப்பந்தம் அப்படி," என்று முனகிவிட்டுத் தன் கூட்டத்தோடு ஆழ்கடலுக்குத் திரும்பியது.

பேய்க்கணவாய் மெல்ல அருகே வந்தது. "செவந்தி..."

"உயிரைக் காப்பாற்றினீர்கள் மாமா. இல்லையென்று சொல்லமாட்டேன்," என்றது செவந்தி. "போன வருடம் என்னோடு வந்தவர்களில் என் அக்காவும் இருந்தாள். அவளுக்கும் ஒரு சிப்பி போட்டீர்கள். இந்த வருடம் அவள் வரவில்லை. ஞாபகம் இருக்கிறதா?"

பேய்க்கணவாய்க்கு ஞாபகம் இல்லை. தன் எட்டுக் கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டது. அப்படியும் செவந்தி தன்னைப் பார்ப்பது அதற்குத் தெரிந்தது.

தன் கணக்கு தப்பென்று தெரிந்த அன்றே சொல்கிறவனுக்கு வெட்கம் மட்டும்தான். மறைத்து வைத்துச் சொல்கிறவனோ, திரும்பி வராதவர்களுக்கும் சேர்த்து வெட்கப்பட வேண்டும்.