பன்றியைப் பற்றியே பேசிய மயில்

ஆவாரங்காட்டில் ஒரே ஒரு குளம். அந்தக் கோடையில் அதுவும் வற்றி, நடுவில் ஒரு தாம்பாளம் அகலத்துக்குத்தான் தண்ணீர் நின்றது. "தண்ணீருக்கு வழிகாட்ட ஒரு தலைவர் வேண்டும்" என்று விலங்குகள் தேர்தல் வைத்தன. மயிலும் காட்டுப்பன்றியும் போட்டியிட்டன.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். எல்லோரும் தண்ணீர் குடிக்கக் கூடும் காலை வேளையில், மூன்று நாள் வேட்பாளர்கள் பேசலாம். நான்காம் நாள் அவரவருக்குப் பிடித்தவர் பின்னால் போய் நிற்க வேண்டும்.

மொட்டைப் பாறைகளுக்கு அப்பால் ஒரு சுனை இருப்பது மயிலுக்குத் தெரியும். அதில் குடித்தும் இருக்கிறது. இதைத் தன் தோழி கௌதாரியிடம் மட்டும் சொல்லியிருந்தது. எந்தப் பாறை, எந்த வழி என்று சொல்லவில்லை. "ஜெயித்த பிறகு காட்டுகிறேன்" என்றது. பெரிய மனசுதான்!

கௌதாரிக்கு எட்டுக் குஞ்சுகள். ஒன்றுக்கும் பறக்கத் தெரியாது. குளம் வற்றினால் அவை பிழைக்காது.

"அண்ணே, சுனையைப் பத்திப் பேசுங்க. அதுபோதும், நீங்க ஜெயிச்சிருவீங்க!" என்றது கௌதாரி.

"சுனை எங்கேயும் ஓடிப்போகாது. முதல்ல அந்தப் பன்னியை ஒரு வழி பண்றேன் பார்!"

முதல் நாள் மயில் தோகையை விரித்து நின்றது. "இந்த மூஞ்சியைப் பாருங்கள்! இதுவா தலைவன்? சேற்றிலே பிறந்து, சேற்றிலே புரண்டு, சேற்றிலே தூங்குகிற ஜென்மம்!"

குரங்குகள் கைதட்டின. அவை எதற்குத்தான் தட்டவில்லை? மயிலுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாம் நாள் பன்றியின் அம்மாவையும் வம்புக்கு இழுத்தது. கடவுள் கொடுத்த வாயை அப்படியும் அசிங்கப்படுத்த முடியுமா என்று கேட்டவர்களுக்கே கூசியது.

"அண்ணே, என் குஞ்சுங்களுக்கு நாக்கு வறண்டு போச்சு. ஏசினது போதும், சுனையைச் சொல்லுங்க!" என்று கௌதாரி கெஞ்சியது.

"சும்மா இரு! கைதட்டல் கேட்கலையா உனக்கு?"

முயல் பன்றியிடம் போய், "என்ன பெரியப்பா, இவ்வளவு பேசுறாரு, பதிலுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?" என்று கேட்டது.

"எனக்கு வேலை கிடக்குப்பா" என்று சொல்லிவிட்டுப் பன்றி புதருக்குள் போனது.

மூன்றாம் நாள் மயிலுக்கு வெறியே பிடித்துவிட்டது. "இன்னும் கேளுங்கள்! வறண்ட ஓடைக்கரையில் நேற்று என் கண்ணால் பார்த்தேன். கழுத்தளவு பள்ளம் தோண்டி அதற்குள் கிடக்கிறது! வெளியே வரும்போது காதெல்லாம் ஈரம் சொட்டுகிறது! சீச்சீ!"

கூட்டத்தில் காதுகள் நிமிர்ந்தன.

"என்ன சொன்னீங்க, ஈரமா?" என்றது முயல்.

"சொட்டச் சொட்ட!" என்றது மயில் பெருமையாக.

அவ்வளவுதான். எல்லாம் ஓடைக்கரைக்கு ஓடின. பள்ளத்தில் ஊற்று கசிந்துகொண்டிருந்தது. பன்றி ஒதுங்கி நின்று, "சின்னதுங்க முதல்ல குடிக்கட்டும்" என்றது. கௌதாரியின் எட்டுக் குஞ்சுகளும் வயிறு முட்டக் குடித்தன.

நான்காம் நாள் மயிலின் பின்னால் ஒருவரும் இல்லை. குரங்குகள்கூட இல்லை.

"நில்லுங்கள்! எனக்கு ஒரு சுனை தெரியும்! இதைவிடப் பெரியது!" என்று மயில் கத்தியது.

"மூணு நாளா எங்க வச்சிருந்தீங்க அந்தச் சுனையை? பன்னியோட அம்மாவைப் பத்திப் பேச மட்டும் நேரம் இருந்துச்சே!" என்றது முயல். காடே சிரித்தது.

மயில் கௌதாரியைப் பார்த்தது. "நீயாவது சொல்லேன், சுனை இருக்குன்னு!"

"இருக்கும் அண்ணே. ஆனா நாங்க தவிச்சப்போ அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரலையே" என்று சொல்லிவிட்டு, கௌதாரி குஞ்சுகளோடு பன்றியின் பின்னால் போய் நின்றது.

தான் செய்யப்போகும் நல்லதைச் சொல்லாமல் எதிராளியை ஏசியே ஓட்டுக் கேட்கிறவர், ஊர் சிரிக்கத் தோற்றுப்போவார்.