ஹீரோவின் நண்பன் அழுகிறான்

குருவின் பெயர் ரெஜினா. ஆசிரமம் சாலிகிராமத்தில், மெடிக்கல் ஷாப்புக்கு மேலே, முதல் மாடியில். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பக்திக்காக அல்ல, மைக்குக்குக் காது ரொம்பக் கூர்மை. வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ்க் குரல் கொடுக்கிற டப்பிங் தியேட்டர் அது.

சீடன் தேசிங்கு, வடசென்னையில் காசிமேட்டுக்காரன். குருவைவிட நாலு வயது மூத்தவன், ஆனாலும் "அக்கா" என்றுதான் கூப்பிடுவான். அவன் குக்கர் விசில் அடித்தால் பக்கத்து வீட்டு அம்மாள் அடுப்பை அணைக்க ஓடுவாள். தேர்தல் சமயத்தில் எல்லாக் கட்சித் தலைவர்களும் அவன் தொண்டையில் ஒரே மேடை ஏறுவார்கள்.

இப்போது வந்திருந்த படத்தில் இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவர் வெள்ளைக்காரர், அவர் ஹீரோ. இன்னொருவர் கறுப்பர், அவர் ஹீரோவின் நண்பர். இந்தத் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வெள்ளைக்காரர் தமிழில் வாயைத் திறந்தால் தமிழ் வாத்தியார் பேசுவார். கறுப்பர் திறந்தால் வடசென்னை பேசும்.

தேசிங்கு இதுவரை பதினான்கு கறுப்பு நண்பர்களுக்குப் பேசியிருந்தான். பதினான்கு பேருக்கும் ஒரே குரல்தான்.

பதினைந்தாவது நண்பன் மட்டும் ஒரு காட்சியில் அழுகிறான். மகளுக்கு விபத்து என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வருகிறது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே தேசிங்கு சொல்லியிருந்தான், "யம்மா, இன்னிக்கி நான் அயப்போறேன்."

மைக் முன்னால் நின்றான். விளக்கு எரிந்தது.

"எம் பொண்ணு கண்ணே தொறக்கலியாம்பாஆ!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் நாதன் பக்கென்று சிரித்துவிட்டார்.

"சாரி தேசிங்கு. இன்னொரு டேக் போலாம்."

இரண்டாவது தடவை உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார். மூன்றாவது தடவை விநியோகஸ்தரின் ஆள் சுகுமாரனும் சேர்ந்து சிரித்தார்.

"மேடம், இந்த சீனைத் தூக்கிடலாம்," என்றார் சுகுமாரன், கண்ணைத் துடைத்தபடி. "காமெடி பீசுக்கு எதுக்கு அழுகை? மத்தியானத்துக்குள்ள சொல்லுங்க, வெட்டிடறேன்."

தேசிங்கு வெளியே வந்தான். காது மடல் சுட்டது.

"அக்கா, என்ன தப்பு பண்றேன்? ஹீரோ மாதிரி நல்ல தமிழ்ல அழட்டுமா?"

"அழு."

உள்ளே போய் அழுதான். "என் மகள் இன்னும் கண் விழிக்கவில்லையாம்!"

யாரும் சிரிக்கவில்லை.

"யார் பொண்ணுக்கு அடிபட்டுச்சு?" என்று கேட்டார் குரு.

தேசிங்கு யோசித்தான். "நியூஸ் வாசிக்கிறவர் பொண்ணுக்கு."

குரு தலையசைத்தார். "அம்மாவுக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல போட்டு மைக்கிட்ட வை."

"என்னன்னு பேச?"

"வர லேட்டாகும்னு சொல்லு."

போன் அடித்தது. அம்மா எடுத்தார்.

"யம்மா, நான்தான். வர லேட்டாவும்."

"சர்டா. துன்னியா?"

"இன்னும் இல்ல."

"அய்துட்டியா?"

தேசிங்கு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தான். "இல்லம்மா. நான் அய்தா சிரிக்கிறாங்க."

மறுமுனையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது.

"இன்னாத்துக்குடா சிரிக்கிறாங்க? கொயந்தைக்கு அடிபட்ட கதன்னு சொன்னியே."

தேசிங்கு காது மடலைத் தடவினான்.

"சரி வுடு. நீ நல்லாத்தான் அய்துருப்ப. மீன் கொயம்பு கீது, வந்து துன்னு." போன் நின்றது.

நாதன் ரெக்கார்டிங் பட்டன்மேல் வைத்த விரலை எடுக்கவே இல்லை. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நாதன், ரெண்டையும் போடுங்க," என்றார் குரு.

முதலில் தேசிங்கின் அழுகை, பிறகு அம்மாவின் குரல். மறுபடி அவன், மறுபடி அம்மா.

"ஒரே ஊரு பேச்சுதானே?"

"ஒரே வீட்டுப் பேச்சுக்கா."

"உன் வசனத்துல கடைசியில ஒண்ணு குதிக்குதே, 'பாஆ'ன்னு. அம்மாகிட்ட அது எங்க?"

தேசிங்கு திரும்பக் கேட்டான். இல்லை. அம்மாவிடம் இல்லை, அப்பாவிடம் இருந்ததில்லை. ஐஸ்கார மாமா, வலை பின்னுகிற சித்தப்பா, ஒவ்வொருவராகத் தொண்டைக்குள் கூப்பிட்டுப் பேசவிட்டுப் பார்த்தான். ஒருவரும் குதிக்கவில்லை.

"எங்க கத்துக்கிட்ட?"

"தியேட்டர்ல," என்றான் மெதுவாக. "பெஞ்சு டிக்கெட்டு. ஏழெட்டு வயசு. படத்துல காமெடியன் குதிச்சுக் குதிச்சுப் பேச, எங்க ஆளுங்க பேசறாங்கன்னு கைதட்டுனேன். வூட்டுக்கு வந்து அதே மாதிரி பேசிக் காட்டுனேன். எல்லாரும் சிரிச்சாங்க."

திரையில் கறுப்பு நண்பரின் முகம் காதில் போனோடு உறைந்து நின்றது. குரு அதைக் காட்டினார்.

"அந்தக் குதிப்பை அவரும் தியேட்டர்லதான் கத்துக்கிட்டிருப்பார்."

பிறகு அந்த நடிகரின் சொந்தக் குரலையே ஓடவிட்டார். முந்தைய காட்சிகளில் எகிறி எகிறிப் பேசியவர், இந்த ஒரு காட்சியில் தரையோடு தரையாகப் பேசினார். தேசிங்கு இத்தனை நாள் அந்த வாய் திறந்து மூடுவதை மட்டும்தான் பார்த்திருந்தான்.

மறுபடி மைக் முன்னால் நின்றான். விளக்கு எரிந்தது.

"எம் பொண்ணு... கண்ணு தொறக்கலியாம்பா."

சின்னக் குரல்தான். நாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். சுகுமாரன் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தூக்கிய கையை அப்படியே வைத்திருந்தார்.

"வெட்டணுமா?" என்றார் குரு.

"வேணாம் மேடம்."

தேசிங்கு வெளியே வந்தான். சந்தோஷப்பட வேண்டிய முகம் சந்தோஷப்படவில்லை.

"அக்கா, மத்த இருபத்திரெண்டு சீன்லயும் குதிச்சு வெச்சிருக்கேன். இந்த சீன்ல மட்டும் அது வேற ஆளு மாதிரி இருக்குமே?"

"இருக்கும். நாதன், முதல் சீனைப் போடுங்க. எல்லாத்தையும் திரும்ப எடுக்கிறோம்."

சுகுமாரன் பதறிப்போனார். "மேடம், மேடம்! அழுகை ஓகே. மத்த சீன் எல்லாம் காமெடி. இவரு இப்படிப் பேசினா சிரிப்பு வருமா?"

குரு ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஜோக் இருந்தா வரும்."