ஈ வந்த பூ

காலையிலிருந்தே குடிலில் எலி செத்த நாற்றம். சமையல் செய்யும் பாக்கியம் அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்துவிட்டு, மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"உள்ளே ஒண்ணும் இல்லை. நாத்தம் ஐயா வளர்த்த செடியிலேர்ந்து வருது."

அந்த ஐயா, அரவாழி, போய்ப் பார்த்தார். தொட்டியில் ஒரு பூ விரிந்திருந்தது. ஐந்து முனை, வெளிர் மஞ்சள், மேலெல்லாம் செந்நிறக் கோடு. அழகுதான். கிட்டப் போனால் அழுகிய இறைச்சி வாடை.

ஆப்பிரிக்காவில் வேலை பார்த்த ஒருவர் கொடுத்துவிட்டுப் போன தண்டு அது. முள்ளில்லாத கள்ளி மாதிரி இருக்கும். வெட்டிய முனை காயும்வரை நிழலில் போட்டு, மணல் கலந்து நட்டு, மண் நன்றாக வறண்ட பிறகே தண்ணீர் காட்டி, கோடை முழுக்கப் பார்த்துக்கொண்டவர் அரவாழிதான். மொட்டு பலூன்போல உப்பியபோது எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியும் வைத்திருந்தார்.

"சாமிக்கு வைக்கலாமா ஐயா?" என்றாள் பாக்கியம்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஊருக்கே திரும்பிவிடுவதென்று பையைக் கட்டி வைத்திருந்தார். இங்கே வருமுன், தலை நரைக்கும்வரை வேறொரு குருவின் காலடியில் கிடந்தவர். சாயம் வெளுத்து, அந்த ஆள் வேஷக்காரர் என்று தெரிந்துபோனது. அதற்குப் பிறகு கண்ணை மூடி உட்கார்ந்தாலே, அத்தனை வருஷமும் பாழ் என்ற நினைப்புத்தான் வந்தது.

பூவின் நடுவில் ஒரு பச்சை ஈ முட்டையிட்டுக்கொண்டிருந்தது. ரவைபோல் வெள்ளையாக.

தையல்நாயகி அம்மா வந்து பக்கத்தில் குந்தினார். குடிலின் குரு அவர்தான். அரவாழியைவிட வயதில் சின்னவர்.

"ஈ என்ன செய்யுது?"

"செத்த உடம்புன்னு நினைச்சு முட்டை போடுதும்மா. புழு பொரிஞ்சா தின்ன ஒண்ணும் இருக்காது. செத்துப்போகும்."

"செடிக்கு?"

"மகரந்தம் சேரும். காய் பிடிக்கும்."

"அப்போ செடி கெட்டதா?"

"தெரியலைம்மா. வெட்டிப் போடவும் மனசு வரலை."

"ஈ முட்டாளா?"

"அதை எப்படிச் சொல்றது? நம்ம பாக்கியமே ஏமாந்தாளே."

"என்னை எதுக்கு ஈயோட சேர்க்கறீங்க?" என்றாள் பாக்கியம்.

அரவாழியின் குரல் இறங்கியது. "நான்தாம்மா இந்த ஈ. அங்கே அழுததும் தொழுததும் வீண்தானே? இனி உங்ககிட்ட உட்கார்ந்து மட்டும் என்ன? நீங்களும்..." நிறுத்திக்கொண்டார்.

"நானும் இந்தப் பூவா இருந்தா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்து, முட்டைகளை நோகாமல் ஒரு பூவரச இலையில் வழித்தெடுத்தார். எழுந்து நடந்தார். இருவரும் பின்னாலேயே போனார்கள். வேலிக்கு அப்பால், கீரி தின்று மிச்சம் வைத்த பாம்பு ஒன்று கிடந்தது. இலையை அதன்மேல் கவிழ்த்தார்.

"ஈக்கெல்லாம் பிரசவம் பார்க்கறாங்களே அம்மா!" என்று பாக்கியம் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அரவாழிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "ஏமாந்த ஈ போட்ட முட்டை. அதை எதுக்கும்மா காப்பாத்தணும்?"

அம்மா குச்சியை எறிந்தார்.

"ஈ ஏமாந்தது நிஜம்தான் ஐயா. முட்டை பொய் இல்லையே."