முடிச்சு போட்ட துண்டு

கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்க ஆள் தேவைப்பட்டது. வராந்தா பெருக்கும் பேச்சியம்மாள் மனு கொடுத்தாள். ஆங்கிலப் பேராசிரியர் வைகுந்தநாதனோ முதல்வர் முன்னாலேயே துள்ளினார்.

"'ரிமெம்பர்' என்கிற சொல் லத்தீனில் பிறந்து, பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்தது. நினைத்துப் பார்ப்பது, மறக்காமல் செய்வது, வேண்டியவருக்கு வணக்கம் சொல்லி அனுப்புவது என்று அதற்கு எத்தனை அர்த்தம்! ஒன்றாவது தெரியுமா உனக்கு? உனக்கெல்லாம் நூலகத்தில் என்ன வேலை?"

பேச்சியம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "மறக்காம செய்யறதுன்னீங்களே, அது தெரியும் சார். உங்க தோள்துண்டு முனையில முடிச்சு இருக்கே, அது எதுக்கு?"

பேராசிரியர் முடிச்சைப் பார்த்தார். விட்டத்தைப் பார்த்தார்.

"காலையில படியேறும்போது நீங்களே சொல்லிக்கிட்டுப் போட்டீங்க சார். பத்து மணி ரயில்ல உங்க வீட்டம்மா ஊர்ல இருந்து வர்றாங்க, போய்க் கூட்டிட்டு வரணும்னு."

மணி பன்னிரண்டரை. முதல்வர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மனுவில் கையெழுத்துப் போட்டார். பேராசிரியர் செருப்பைத் தேடினார்.

"ஓடாதீங்க சார்," என்றாள் பேச்சியம்மாள், ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தபடி. "அந்தச் சொல்லு லத்தீன்ல இருந்து பிரெஞ்சு வழியா வந்துச்சு. வீட்டம்மா ஸ்டேஷன்ல இருந்து ஆட்டோவுல வந்துட்டாங்க."