மூங்கில் குழாயில் இளவரசியின் அளவு

முன்னொரு காலத்தில், காற்றுக்கும் காது இருந்த நாளில், வேங்கைநாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு அரண்மனையில் சிங்காரி என்று ஒரு தையல்காரி. இளவரசி முல்லைக்கொடிக்குப் பிறந்தநாள் தோறும் புதுச் சட்டை தைப்பவள் அவள்தான்.

வேங்கைநாட்டில் ஒரு விநோதச் சட்டம் இருந்தது. அரச குடும்பத்துக்குச் சட்டை தைக்க, முதலில் உடம்பின் அளவுக்குத் தாள் வெட்டுவார்கள். அதைத் துணிமேல் வைத்துத் துணியை வெட்டுவார்கள். வெட்டி முடித்ததும் அந்த அளவுத் தாளை எரித்துவிட வேண்டும். அளவு வெளியே போனால் ஆயுள் குறையும் என்று பயம். யாராவது ஒளித்து வைத்தால் கட்டை விரல் போய்விடும்.

சிங்காரி வெற்றுத் தாளை எரித்துக் காட்டிவிட்டு, அளவுத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள். ஒரு கழுத்து வளைவு சரியாக அமைய எத்தனை பாடு. அதை நெருப்பில் போட யாருக்கு மனசு வரும்? தாளைச் சுருட்டி, பூச்சி அரிக்காமல் இருக்க வசம்புப் பொடி தூவி, மூங்கில் குழாயில் அடைத்து, விட்டத்தில் தொங்கவிடுவாள். அப்போதெல்லாம் முணுமுணுப்பாள்: "மடிக்காதே, சுருட்டு. தரையில் போடாதே, தொங்கவிடு. திறந்து வைக்காதே, மூடு."

ஒரு நாள் காலை, சபை நடுவில் புகை சுழன்றது. புகைக்குள் இருந்து கரும்புகையான் என்ற மாயாவி வந்தான். ஊதினான். அவ்வளவுதான், முல்லைக்கொடி இருந்த இடத்தில் அவளுடைய சட்டையும் இல்லை, அவளும் இல்லை. உருவம் முழுவதும் வண்ணப் புகையாகி அவன் பொடி டப்பிக்குள் போய் அடைந்தது.

"அப்பா, நான் இங்கேதான் இருக்கிறேன். என் மூக்கைத்தான் காணோம்" என்றது வெறும் குரல்.

கரும்புகையான் சிரித்தான். "ராஜாவே, என் மந்திரத்துக்கு ஒரு சாவி உண்டு. இவள் உருவத்துக்கு அச்சாகப் பொருந்தும் சட்டை கிடைத்தால் உருவம் அதற்குள் திரும்பிவிடும். சூரியன் சாய்வதற்குள் தைத்துப் போடுங்கள். ஆனால் உருவமே இல்லாதவளை எப்படி அளப்பீர்கள்? அவள் பழைய சட்டைகளும் புகையாகி இந்த டப்பிக்குள் போய்விட்டன. பழைய அளவையெல்லாம் நீங்களே எரித்துவிட்டீர்களே."

ராஜா வேங்கைமாறன் தலையில் கை வைத்துக்கொண்டார். மூலையில் நின்ற சிங்காரி தன் கட்டை விரலை ஒரு முறை பார்த்தாள். பிறகு முன்னால் வந்தாள்.

"மகாராஜா, அளவு என்னிடம் இருக்கிறது."



"சட்டம் தெரியுமா உனக்கு?" என்றார் ராஜா.

"தெரியும். விரல் போனால் ஊசி பிடிக்க முடியாது. அதனால் முதலில் தைத்துவிடுகிறேன், அப்புறம் வெட்டிக்கொள்ளுங்கள்."

மூங்கில் குழாய்கள் வந்தன. தாள்கள் புதிது போல விரிந்தன. கடைசிப் பிறந்தநாள் தாளை வைத்து வெட்டினாள். பணிப்பெண்கள் எல்லோரும் ஊசி எடுத்தார்கள். சட்டை தயார். குரல் இருந்த இடத்தில் போட்டார்கள். டர்ர்ரென்று பக்கம் கிழிந்தது.

"அக்கா, நான் வளர்ந்துவிட்டேனாக்கும்" என்றது குரல்.

"வளராமல்? ஒரு நாளைக்கு எத்தனை கொழுக்கட்டை சாப்பிடுகிறாய்" என்றாள் சிங்காரி. என்றவள் அப்படியே நின்றாள். வளர்ந்திருக்கிறாள். எவ்வளவு?

எல்லா வருஷத்துத் தாள்களையும் கழுத்தோடு கழுத்து பொருத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். வருஷா வருஷம் எங்கே எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஓரங்கள் படிக்கட்டு போலக் காட்டின. தோளில் கொஞ்சம், நீளத்தில் நிறைய, இடுப்பில் இல்லவே இல்லை. அடுத்த படியைத் தானே வரைந்தாள். வெட்டினாள். தைத்தார்கள். போட்டார்கள்.

பொடி டப்பி நடுங்கியது. புகை பாய்ந்து வந்தது. முகம் வந்தது, தோள் வந்தது, கால் வந்தது. கைகள் மட்டும் வரவில்லை.

"கை இல்லாமல் கொழுக்கட்டையை எப்படிச் சாப்பிடுவேன்?" என்றாள் முல்லைக்கொடி.

சூரியன் மரத்து உச்சியைத் தொட்டுவிட்டது. சிங்காரி சட்டைக் கையின் அளவுத் தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். குறுக்கே ஒரு மடிப்பு.

"ஐயோ, நான்தான். போன பிறந்தநாளில் காவலாளி வந்துவிட்டான் என்று இதை மட்டும் மடித்து இடுப்பில் செருகினேன். மடிப்பு ஒரு நெல் அகலத்தை விழுங்கியிருக்கிறது."

செம்பில் தணல் போட்டு, ஈரத்துணி விரித்து, அந்த மடிப்பை மெல்லத் தேய்த்தாள். தாள் பெருமூச்சு விட்டதுபோல் நீண்டது.

கரும்புகையானுக்கு வியர்த்தது. வெள்ளி நிறத்தில் ஒரு சின்னப் பூச்சியாக மாறி, தாளைத் தின்னப் பாய்ந்தான். ஒரு கடிதான் கடித்தான். வசம்புப் பொடி மூக்கில் ஏறியது. தும்மினான், தும்மினான், தும்மினான். திரும்பி உருவம் எடுக்கச் சொல்ல வேண்டிய மந்திரம் தும்மலோடு பறந்துபோனது. மேசைக்கு அடியில் ஓடினான்.

நீண்ட தாளின் அளவுக்குத் திருத்தி வெட்டித் தைத்த புதுக் கைகள் சட்டையில் ஏறின. கடைசிக் கதிர் மறைவதற்குள் டப்பி வெடித்தது. முல்லைக்கொடியின் கைகள் விரல் விரலாக வந்தன. வந்த கைகள் முதலில் சிங்காரியின் கட்டை விரலைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன.

"அப்பா, இதை வெட்டுவதென்றால் என் கையோடு வெட்டுங்கள்."

ராஜா எழுந்தார். சட்டம் எழுதிய ஓலையை எடுத்தார். அளவுத் தாள்களை எரிக்கும் அந்தச் சட்டியிலேயே அதைப் போட்டார்.

"சிங்காரி, உன் குழாய்களுக்கு என் கருவூலத்தில் ஒரு விட்டம் ஒதுக்குகிறேன். என் அளவையும் எடுத்து வைத்துவிடு."

"எடுக்கிறேன் மகாராஜா. வயிற்றுக்கு மட்டும் கொஞ்சம் பெரிய தாளாக வேண்டும்."

ராஜாதான் முதலில் சிரித்தார்.

அந்த வெள்ளிப் பூச்சி இன்றைக்கும் தாளுக்குத் தாள் ஓடி, தன் மந்திரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் ஒரு நல்ல அளவு வெட்டினால் மடிக்காதீர்கள், சுருட்டுங்கள். தரையில் போடாதீர்கள், தொங்கவிடுங்கள். ஒரு சிட்டிகை வசம்பு தூவி மூடுங்கள். சிங்காரியும் கட்டை விரலும் நூறு வயது இருந்தார்கள்; நாமும் இருப்போம்.