அந்தச் சாக்கு கனமா?

“நான் அழிச்சிட்டேன் தாயி. அது அழிய மாட்டேங்குது.”

பலவேசம் வந்து நின்ற நிற்பிலேயே இதைத்தான் சொன்னார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

சாமியம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. மலையடிவாரத்துப் பாதையோரம் வேப்பங்கன்றுகள் நட்டு வைத்திருந்தாள். ஒரு கன்றுக்கு ஒரு செம்புத் தண்ணீர் என்று ஊற்றிக்கொண்டே போனாள்.

பலவேசத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. கீழத்தெருவில் மாவு மில் வைத்திருக்கிறவர். சாமியம்மாவுக்கு முப்பத்தைந்துகூட இருக்காது. அவர் மகளைவிட ரெண்டு வயது கூட இருந்தால் அதிகம். இருந்தாலும் நாலு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறார். எதுக்கு என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. மில்லில் நாள் முழுக்க இரைச்சல். இவள் அதிகம் பேச மாட்டாள். அதுவாகக்கூட இருக்கலாம்.

“எது அழிய மாட்டேங்குது, அண்ணாச்சி?”

பலவேசம் பின்னாலேயே நடந்துகொண்டு சொன்னார். முதலில் கொஞ்சம் சுற்றி வளைத்தார். அப்புறம் வந்துவிட்டது.

போன பங்குனியில் ஊரெல்லாம் பிள்ளை பிடிக்கிற பேச்சாக இருந்தது. எந்தப் பிள்ளையும் காணாமல் போகவில்லை. ஆனால் எல்லார் போனிலும் அதுதான். அந்த நேரம் பார்த்து ஒரு பொம்பளை கீழத்தெருவுக்குள் வந்தாள். தோளில் பெரிய சாக்கு. எதிர்வீட்டுச் சின்னப்பிள்ளையிடம் குனிந்து என்னமோ சொல்லிக்கொண்டிருந்தாள். பலவேசம் மில் வாசலில் நின்று ஒரு படம் பிடித்தார். தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்தான் அட்மின். அதில் படத்தைப் போட்டு, கீழே எழுதினார்: சாக்கோடு சுற்றுகிறாள், பிள்ளை பிடிக்கிறவள், உஷார்.

எழுதிவிட்டுப் பார்த்தார். பத்தாத மாதிரி இருந்தது. இன்னும் ஒரு வரி சேர்த்தார்.

நானே கண்ணால் பார்த்தேன்.

ஒரு படி அரிசி அரைத்து இறக்குகிற நேரம்தான். மேலத்தெரு முக்கில் அவளை வளைத்துவிட்டார்கள். சாக்கை உதறினார்கள். பழைய சேலை, பழைய வேட்டி, முழங்கால் கிழிந்த பள்ளிக்கூடத்துக் கால்சட்டை. பழைய துணி வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் குடம், வாளி கொடுக்கிறவள் அவள். அதற்குள் அவள் கையை யாரோ முறுக்கிவிட்டார்கள். போலீஸ் வந்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனது.

பலவேசம் அடிக்கவில்லை. தூரத்தில் நின்றார். திரும்பி வந்து போட்டதை அழித்தார்.

தெருவில் யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. ரெண்டு பேர் வந்து, நீங்க போட்டதாலதான் நாங்க சுதாரிப்பா இருந்தோம் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு, மாவை வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஒன்பது மாசம் ஆச்சு.

“முந்தாநாள் கோயம்புத்தூர்ல இருந்து எம்மக அனுப்பியிருக்கா” என்றார். “அதே படம். இப்போ ஏழு பிள்ளையக் காணும்னு இருக்கு. கிட்னிய எடுக்காங்கன்னு இருக்கு. கடைசில பாத்தா என் வரி. நானே கண்ணால பாத்தேன். அத்தனையும் சேத்தவன் எவனோ, இத மட்டும் அப்படியே விட்டுவச்சிருக்கான்.”

பேத்தியை வாசலுக்கே விடுவதில்லை என்று மகள் எழுதியிருந்தாளாம். அந்தக் காம்பவுண்டில் எந்தப் பிள்ளையையும் விடுவதில்லையாம்.

சாமியம்மா செம்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அதப் படிச்சதும் உங்களுக்கு என்ன தோணிச்சு?”



“உடனே மகளுக்குப் போன் போட்டேன் தாயி” என்றார். “பாப்பா எங்க இருக்காளோன்னு. ஒரு நிமிசம் நானே நம்பிட்டேன்.”

அவள் அடுத்த கன்றுக்குப் போனாள்.

திருச்செந்தூர் போய் மொட்டை போடட்டுமா என்றார். நூறு பேருக்குச் சோறு போடட்டுமா என்றார். விரதம் இருக்கட்டுமா என்றார்.

“அந்தப் பொம்பளை பேரு என்ன?”

“தெரியாது.”

“ஊரு?”

“தெரியாது தாயி.”

“கண்ணால பாத்ததாச் சொன்னீங்களே.”

*

மறுநாள் பலவேசம் மில்லைப் பூட்டினார்.

பேரைக் கண்டுபிடிக்க நாலு நாள் ஆயிற்று. டவுனில் பிளாஸ்டிக் சாமான் மொத்தமாக விற்கிற கடையில் விசாரித்தார். கடைக்காரர் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டார், கணக்குப்பிள்ளை வாசலில் வாளி அடுக்கிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டார். அவள்தான் சொன்னாள்.

முப்பிடாதி. இலுப்பைக்குளத்தில் பம்ப்செட்டை ஒட்டிக் கடைசி வீடு. கை வளைந்தபடியே கூடிவிட்டது. இப்போது வியாபாரத்துக்குப் போகிறதில்லை. போகிற ஊருக்கெல்லாம் இவளுக்கு முன்னால் அந்தப் படம் போய் உட்கார்ந்திருக்கிறது.

வந்து சாமியம்மாவிடம் ஒப்பித்தார்.

சாமியம்மா கேட்டுக்கொண்டாள். ஒரு கன்றின் அடியில் மண்ணை அணைத்துவிட்டாள்.

“அந்தச் சாக்கு கனமா இருக்குமோ?”

“அது எனக்கு எப்படித் தெரியும்?”

“தூக்கிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

*

முப்பிடாதி வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாற்பது வயசு இருக்கும். இடது மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. அந்தக் கையால் கீரைக்கொத்தைப் பிடிக்கத்தான் முடிந்தது, உருவ முடியவில்லை.

பலவேசம் எத்தனையோ யோசித்துக்கொண்டு போயிருந்தார். அந்தக் கையைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. மலையடிவாரத்துச் சாமியம்மா அனுப்பினாங்க, உங்க சாக்கை நான் தூக்கிக்கிட்டு வாரேன், நீங்க யாவாரத்துக்கு வாங்க என்று மட்டும் சொன்னார்.

முப்பிடாதி அவரை மேலும் கீழும் பார்த்தாள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை.

“எதுக்கு?”

“சும்மாதான்.”

“சும்மா சாக்குத் தூக்க ஒரு ஆளா? எங்க வீட்டுக்காரரே தூக்குனதில்ல.”

சிரித்துவிட்டாள். ஆனால் மாசம் மார்கழி. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வீட்டுக்கு வீடு பழசைக் கழிக்கிற நேரம். வருஷத்தில் இந்த ஒரு மாச வியாபாரம்தான் மற்ற மாசங்களுக்குத் தாங்கும். அவள் கீரையை எடுத்து வைத்துவிட்டு எழுந்தாள்.

பக்கத்து ஊர் ஒன்றுக்குப் போனார்கள். போகிற வழியில் அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தாள். சாக்கைத் தலைப்பக்கம் சாய்த்துப் போட்டால் இடுப்பு பிடிக்காது. வாசல் தாண்டி உள்ளே காலை வைக்கக் கூடாது. நாய் குரைத்தால் நிற்க வேண்டும், நடக்கக் கூடாது.

“இன்னொண்ணு அண்ணாச்சி. பிள்ளைங்ககிட்ட மட்டும் பேசிராதீங்க. பார்க்கக்கூடச் செய்யாதீங்க. முன்னால நான் ஊதல் வாங்கிட்டு வந்து குடுப்பேன். இப்போ பிள்ளை எதிர வந்தா அடுத்த பக்கம் போயிருவேன்.”

பாதி வீட்டில் கதவு திறந்தது. பாதி வீட்டில் திறக்கவில்லை. சாக்கு நிறைய நிறைய பலவேசத்துக்குத் தோள் எரிந்தது. வெயிலுக்குத் துண்டைச் சுருட்டித் தலையில் கட்டிக்கொண்டார்.

ஒரு மாடியில் ஒரு பையன் போனைத் தூக்கினான். முப்பிடாதி சட்டென்று முந்தானையை இழுத்து முகத்தை மூடினாள். கைக்கு அது பழகிப்போயிருந்தது. பலவேசத்துக்குப் பழக்கமில்லை. என்ன என்று அண்ணாந்து பார்த்தார்.

திரும்புகிற பஸ்ஸிலேயே போன் அதிர்ந்தது. அவருடைய கீழத்தெருக் குழு.

சாக்கைச் சுமந்துகொண்டு அவர் நிற்கிறார். பக்கத்தில் முகத்தை மூடிய பொம்பளை. கீழே எழுதியிருந்தது: இப்போது ஆணும் சேர்ந்துகொண்டான். பிள்ளைகளை வெளியே விடாதீர்கள். நானே கண்ணால் பார்த்தேன்.

தையல்கடை இசக்கி கேட்டிருந்தான்: நம்ம அட்மின் அண்ணாச்சி சாயல் இல்ல?

அதற்கு இன்னொருத்தன்: சாயல் இருந்தா என்னவே, அண்ணாச்சி எதுக்குச் சாக்குத் தூக்கப் போறாரு.

அதற்குக் கீழே பதினாலு பேர் சிரித்திருந்தார்கள்.

*

“என்ன பதில் போடட்டும் தாயி?”

பஸ்ஸில் எழுதி எழுதி அழித்திருக்கிறார். அது நான்தான் என்று எழுதினார். அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று எழுதினார். தன் படத்தைப் புதிதாக ஒன்று எடுத்துப் போடலாமா என்றுகூடப் பார்த்தார். எதுவும் நிற்கவில்லை. போனை சாமியம்மாவிடம் நீட்டினார்.

அவள் கை ஈரம். வாங்கவில்லை. எட்டிப் பார்த்தாள்.

“சாக்கு கனமா?”

அந்தக் கேள்வியை அவர் மறந்தே போயிருந்தார்.

“கனந்தான். தோளு கன்னிப்போச்சு.”

“முப்பிடாதிக்குத் தெரியுமா, நீங்க யாருன்னு?”

“சாமியம்மா அனுப்புன ஆளுன்னு சொன்னேன்.”

“என் பேரச் சொல்லவா சொன்னேன்? கனமான்னு கேட்டேன்.”

பலவேசம் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

சாமியம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குப் புறப்பட்டாள். ரெண்டு எட்டு நடந்து நின்றாள்.

“உங்க தெருவுல எத்தன வீடு அண்ணாச்சி?”

“குழுவுல இருநூத்திப் பன்னெண்டு...”

“தெருவுல.”

“நாப்பத்தெட்டு.”

“நடந்தா எவ்வளவு நேரம்?”

*

கீழத்தெரு, நாப்பத்தெட்டு வீடு என்றதும் முப்பிடாதி மாட்டேன் என்றாள். வளைந்த கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பலவேசம் ஒன்றும் வற்புறுத்தவில்லை. காலிச் சாக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். வெயில் ஏறுகிற வரைக்கும் நின்றார். கடைசியில் அவள் குடத்தையும் வாளியையும் கயிற்றில் கோத்துக்கொண்டு வந்தாள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினாலும் திரும்பிவிடுவேன் என்று சொல்லித்தான் வந்தாள்.

தெருமுனையில் முதல் வீடு வாத்தியார் வீடு. வாத்தியார் பெண்சாதி பலவேசத்தைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள், பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். உள்ளே போய் நாலு பழைய சேலையை எடுத்து வந்தாள். முப்பிடாதி ஒற்றைக் கையால் விரித்து, கிழிசல் பார்த்து, ஒரு நீல வாளி கொடுத்தாள்.

அதற்குள் தெரு விழித்துக்கொண்டது. ஜன்னல் திறந்தது. இசக்கி தையல் மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தான். கையில் போன் இருந்தது. தூக்கவும் இல்லை, பைக்குள் போடவும் இல்லை.

அடுத்தது மில்லுக்கு எதிர்வீடு.

வாய்க்கால் ஓரத்தில் ஒரு சின்னப்பிள்ளை குந்தியிருந்தது. குச்சியை விட்டு எதையோ தள்ளிக்கொண்டிருந்தது. கால் விரல் பாதி விளிம்புக்கு அந்தப் பக்கம்.

முப்பிடாதி நின்றுவிட்டாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. பலவேசத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. நான் சொல்ல மாட்டேன்.”

“உள்ள போ தாயி” என்றார் பலவேசம். “விழுந்திருவ.”

பிள்ளை குச்சியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடியது.

முப்பிடாதிக்கு மூச்சு வந்தது.

“அன்னைக்கும் இதே இடந்தான்” என்றாள். “இதே பிள்ளதான். நீங்க சொன்ன இதேதான் நானும் சொன்னேன். அதுக்குள்ள எவனோ படம் பிடிச்சிட்டான்.”

இசக்கி ஓரடி கிட்டே வந்து நின்றான். எதிர்வீட்டுக்காரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பலவேசத்தின் சட்டைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

“எவனோ இல்ல.”

தன் மில் வாசலைக் கையால் காட்டினார்.

“அந்தப் படியில நின்னு நான்தான் பிடிச்சேன். நான் எதையும் பாக்கலம்மா. பாத்தேன்னு எழுதிட்டேன்.”



முப்பிடாதி அந்தப் படியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். வளைந்த கை முந்தானைக்குள்ளிருந்து வெளியே வந்திருந்தது. அதை மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

பலவேசம் சாக்கை இறக்கி வைத்துவிட்டு அவள் காலில் விழலாம் என்று குனிந்தார்.

“சாக்க இறக்காதீங்க” என்றாள் முப்பிடாதி. “இன்னும் நாப்பத்தேழு வீடு இருக்கு.”